பின்னல் டை நடுவில் மட்டும் வெட்டவில்லை: தாளா, பிளேட்டா, அழுத்தமா?

பூவெட்டு:
கைப்பிடி சுற்றி ஓட்டும் மெஷின், மெல்லிய உலோக டை (தாளை வடிவமாக வெட்டும் விளிம்புள்ள அச்சு). டையின் அளவு சுமார் 9 × 12 செ.மீ., முழுக்கப் பின்னல் பூ வேலை. வாழ்த்து அட்டையின் முகப்பில் ஒட்டுவதற்காக வெட்டுகிறேன். தாள் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம்). ஓரங்கள் சுத்தமாக வெட்டுப்படுகின்றன. நடுவில் நான்கைந்து பூக்கள் மட்டும் பாதி வெட்டுப்பட்டு அப்படியே தாளோடு நிற்கின்றன. மூன்று முறை முன்னும் பின்னும் ஓட்டினாலும் அதே இடம்தான். வெட்டுப்பட்ட பகுதியை டையிலிருந்து எடுத்தால் இதழ் கிழிகிறது. டை மழுங்கிவிட்டதா? இருபது தடவைகூட ஓட்டியிருக்க மாட்டேன்.

உருளை:
டை மழுங்கவில்லை. காகிதம் மட்டும் வெட்டும் டை இருபது தடவையில் மழுங்காது. இரண்டு காரணங்கள் சேர்ந்திருக்கின்றன.

ஒன்று, வெட்டுவிளிம்பின் மொத்த நீளம். ஒரு சாதாரண வட்ட டையில் விளிம்பு ஒரே ஒரு சுற்றுதான். பின்னல் டையில் அதே பரப்புக்குள் பல மடங்கு நீளத்துக்கு விளிம்பு ஓடுகிறது. உருளைகள் தரும் அழுத்தம் அத்தனை விளிம்புக்கும் பங்கு போகிறது. அதனால் வட்டம் ஒரே ஓட்டில் விழும் மெஷினிலேயே பின்னல் விழாமல் போவது இயல்பு.

இரண்டு, உருளைகள் இரு முனைகளில்தான் தாங்கப்பட்டிருக்கின்றன. நடுவில் மிகச் சிறிய அளவு வளைந்து கொடுக்கும். அகலமான டையை நடுவில் வைத்தால் குறையும் அழுத்தம் நடுவில்தான் தெரியும். நீங்கள் சொல்வதும் அதுதான்.

முதலில் பிளேட்டுகளை, அதாவது டையையும் தாளையும் நடுவில் வைத்து உருளைகளுக்குள் அனுப்பும் இரண்டு பிளாஸ்டிக் பலகைகளை, பாருங்கள். ஒரு நேரான அடிக்கோலை பிளேட்டின் மேல் நிறுத்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் பிளேட் குழிந்திருக்கிறது. அடுத்து, தாள் படும் பக்கத்தில் பழைய வெட்டுத்தடம் ஆழமாக இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். அதே டையை அதே இடத்தில் வைத்து ஓட்டிக்கொண்டே இருந்தால், விளிம்பு பழைய தடத்துக்குள் இறங்கிவிடும். அங்கே தாளுக்கு அடியில் தாங்க எதுவும் இல்லை, வெட்டு எப்படி விழும்?

இப்போதைக்கு மூன்று மாற்றங்கள் செய்து பாருங்கள். டையை உருளைக்கு இணையாக வைக்காமல் 10–15 டிகிரி சாய்த்து வையுங்கள். நேர்விளிம்பு முழுவதும் ஒரே கணத்தில் உருளைக்குள் நுழையாது, கைப்பிடியும் லேசாகச் சுற்றும். குறுகிய பக்கம் முதலில் உள்ளே போகட்டும். பிளேட்டின் நடுவிலிருந்து கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

தாள்நார்:
உருளை சொன்னதற்கு முன்னால் தாளை மாற்றுங்கள். 300 ஜிஎஸ்எம் அட்டையின் அடித்தளத்துக்கு நல்லது, பின்னல் டைக்கு அது அதிகம். பின்னலுக்கு 180 முதல் 220 வரை போதும். பிளேட்டை மாற்றினாலும் ஷிம் (அழுத்தம் கூட்ட அடுக்கில் சேர்க்கும் தாள்) வைத்தாலும் 300-இல் மெல்லிய இதழ்கள் சுத்தமாக வருவது சிரமம். வந்தாலும் டையின் இடுக்கில் இறுகிக்கொள்ளும். நீங்கள் சொல்லும் கிழிசலுக்கு அதுதான் காரணம். தடித்த தாள் விளிம்புகளுக்கு நடுவில் ஆப்பு அடித்ததுபோல் சிக்கிக்கொள்கிறது.

ஜிஎஸ்எம் மட்டும் பார்த்தாலும் போதாது. ஒரே 220 ஜிஎஸ்எம்மில் பஞ்சு போன்ற சொரசொரப்புத் தாளும் உண்டு, இறுக்கமாக அழுத்திய வழவழப்புத் தாளும் உண்டு. சொரசொரப்பான தாளில் நார்கள் நீளமாகவும் தளர்வாகவும் இருக்கும். வெட்டிய ஓரத்தில் பிசிறு நிற்கும். பின்னலுக்கு வழவழப்பானதே சரி. வாட்டர்கலர் தாளில் பின்னல் டை வைக்காதீர்கள், பெரிய இலை, வட்டம் போன்றவற்றுக்கு அது அழகாக இருக்கும்.

ஈரப்பதமும் கணக்கில் உண்டு. காற்றிலிருந்து ஈரம் இழுத்த தாள் வெட்டுப்படுவதற்குப் பதிலாக நசுங்கும். தாளை ஜிப் பையில் மூடி, மேலே கனமான புத்தகம் வைத்துப் படுக்கவைத்து வையுங்கள். நிறுத்தி வைத்தால் வளையும்.

பூவெட்டு:
இருவருக்கும் நன்றி. 200 ஜிஎஸ்எம் வழவழப்புத் தாளில், சாய்த்து வைத்து ஓட்டினேன். நடுவில் இரண்டு பூக்கள் மட்டும் இன்னும் விழவில்லை. கோல் வைத்துப் பார்த்ததில் மேல் பிளேட் குழிந்துதான் இருக்கிறது. ஷிம் எப்படி வைப்பது? எங்கே வைப்பது?

உருளை:
குழிந்த பிளேட்டைக் குழிவு கீழே பார்க்கத் திருப்பிப் போட்டு இரண்டு மூன்று ஓட்டு ஓட்டினாலே ஓரளவு நேராகும். இனி ஒவ்வொரு ஓட்டுக்கும் திருப்புங்கள்.

ஷிம் என்பது அடுக்கில் சேர்க்கும் ஒரு தாள், அவ்வளவுதான். 75 அல்லது 80 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமன். அந்த ஒரு தாளே பெரிய வித்தியாசம் காட்டும். வைக்கும் இடம் கீழ் பிளேட்டுக்கு அடியில். டைக்கும் தாளுக்கும் நடுவில் அல்ல.

ஒரே ஒரு தாள் வைத்து ஓட்டுங்கள். விழவில்லையா, இரண்டாவது. மூன்றுக்கு மேல் தேவைப்பட்டால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது, நிறுத்திவிடுங்கள். கைப்பிடி சுற்றும்போது பிளாஸ்டிக் கிறீச்சிடுவது வழக்கம்தான். கைப்பிடி நின்றுவிட்டால் உடம்பு எடையைப் போட்டுச் சுற்றாதீர்கள். பின்னோக்கிச் சுற்றி வெளியே எடுத்து, ஒரு அடுக்கைக் குறையுங்கள். உள்ளே பல்சக்கரத்தின் பல் உடைந்தால் மெஷின் அவ்வளவுதான்.

உங்கள் பிரச்சினை இரண்டு பூக்களில்தான் என்பதால் முழுத் தாளும் வேண்டாம். ஓரங்களுக்கு ஏற்கெனவே அழுத்தம் போதும். முழுத் தாள் வைத்தால் அங்கே அழுத்தம் தேவைக்கு மேல் போய் பிளேட்தான் வெட்டுப்படும். ஒரு ஜெராக்ஸ் தாளில் டையின் வெளிவரையை வரைந்து, விழாத இடத்தைக் குறியுங்கள். அங்கே ஒரு சிறு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். போதவில்லை என்றால் அதைவிடச் சற்றுப் பெரிய துண்டு மேலே. இரண்டும் ஒரே அளவாக இருந்தால் ஓரத்தில் படிக்கட்டு மாதிரி வரம்பு விழுந்து, அதன் பக்கத்தில் புதிதாக வெட்டாத கோடு தோன்றும். அச்சுக்கூடங்களில் எழுத்து சரியாகப் பதியாத இடத்துக்கு அடியில் தாள் ஒட்டிச் சரிசெய்வார்களே, அதே வேலைதான் இது. அந்தத் தாளில் டையின் பெயரை எழுதி டையோடு சேர்த்தே வையுங்கள்.

கத்தரிமுனை:
பிளேட்டைத் திருப்புவதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. இரண்டு பிளேட்டையும் மாற்றி மாற்றிப் போட்டால் இரண்டிலும் தடம் விழும். ஒரு பிளேட்டில் ‘வெ’ என்று மார்க்கரால் எழுதி வெட்டுவிளிம்பு படும் பக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். மற்றது எப்போதும் டையின் முதுகுப் பக்கம். வெட்டு விழாத சுத்தமான பிளேட் ஒன்று கையில் இருக்கும். டிரேசிங் பேப்பர், கண்ணாடிபோல் பளபளக்கும் மிரர் அட்டை போன்றவற்றை வெட்டும்போது அதன் அருமை தெரியும். பழைய தடம் அந்த மாதிரித் தாள்களின் முகத்தில் அப்படியே பதிந்துவிடும்.

உருளை:
ஒப்புக்கொள்கிறேன், ஒரு நிபந்தனையோடு: ‘வெ’ பிளேட்டின் இரு முகங்களையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டும். ஒரே முகத்தில் ஓட்டினால் பத்துப் பதினைந்து ஓட்டிலேயே வாழைமட்டை மாதிரி வளையும்.

தாள்நார்:
டையிலிருந்து தாளை எடுப்பதற்கு: டையின் வெட்டுவிளிம்புக்கும் தாளுக்கும் நடுவில் டையின் அளவுக்கு ஒரு பட்டர் பேப்பர் துண்டு வைத்து ஓட்டுங்கள். அதன் வழுக்கலில் தாள் தானாக விடும். மேலும் டையின் முதுகில் பொடி ஓட்டைகள் இருக்கும், அவை அலங்காரம் அல்ல. மெல்லிய ஊசிமுனையால் அந்த ஓட்டைகள் வழியாகக் குத்தித் தள்ள வேண்டும். ஒரே ஓட்டையில் அழுத்தித் தள்ளாமல் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுங்கள். எந்த மூலையையும் பிடித்து இழுக்க வேண்டாம்.

உள்ளே தங்கும் பொடிக் கழிவுகளுக்கு ஒரு தடித்த ஃபோம் விரிப்பின் மேல் டையை, தாள் உள்ளே இருக்கும்போதே, விளிம்பு கீழே பார்க்க வைத்து, கடினமான முள் உள்ள உருள் பிரஷ்ஷால் முதுகில் உருட்டினால் எல்லாம் ஃபோமில் விழுந்துவிடும்.

தாளின் எந்த முகத்தில் டை படுகிறது என்பதையும் பாருங்கள். வெட்டுவிளிம்பு தாளின் முகப்புப் பக்கம் இறங்க வேண்டும். அப்போதுதான் ஓரம் மெல்லச் சரிந்து பூ மேலெழும்பியதுபோல் இருக்கும். பின்புறமிருந்து வெட்டினால் ஓரம் முகப்புப் பக்கம் புடைக்கும். எழுத்து டை என்றால் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி வந்துவிடும்.

பூவெட்டு:
மாஸ்கிங் டேப் ஒரு துண்டு, மேலே சற்றுப் பெரிய துண்டு. எல்லாப் பூவும் விழுந்துவிட்டது! பட்டர் பேப்பரும் வேலை செய்தது. இனி ஒட்டுவது. இந்த மெல்லிய பின்னலின் பின்னால் பசை தடவினால் ஓரத்தில் பிதுங்குகிறது, தாளும் அலை அலையாக எழும்புகிறது.

பசைத்துளி:
அலை எழும்புவது பசையில் உள்ள தண்ணீரால். வெள்ளைப் பசை அனைத்திலும் தண்ணீர் உண்டு. தாளின் நார்கள் அதைக் குடித்து ஒரு திசையில் விரிகின்றன. பசையைக் குறைப்பதுதான் மருந்து.

பின்னலுக்கு எளிய வழி: வெட்டுவதற்கு முன்பே தாளின் பின்புறம் முழுக்க இருபக்கமும் ஒட்டும் பசைத்தாளை ஒட்டிவிடுங்கள். அதன்பின் டை வைத்து வெட்டுங்கள். எடுத்து, பின்னால் உள்ள பாதுகாப்புத் தாளை உரித்தால் முழுப் பின்னலும் ஸ்டிக்கர். இந்த முறைக்குத் தாள் 200 ஜிஎஸ்எம்முக்குள் இருக்கட்டும், பசைத்தாளும் தடிமன் சேர்க்கிறது. டையில் பிசுக்கு ஒட்டும். ஐசோபிரைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தால் போய்விடும். குறை என்னவென்றால், ஒரு முறை பட்டால் பட்டதுதான், நகர்த்த முடியாது.

நகர்த்திச் சரிசெய்ய வேண்டும் என்றால் வெள்ளைப் பசைதான். ஒரு வழவழப்பான பிளாஸ்டிக் ஷீட்டில் ஒரு துளி பசையை விரலால் மெல்லிய படலமாகத் தடவுங்கள். பின்னலை அதன் மேல் வைத்து லேசாகத் தட்டி, இடுக்கியால் எடுத்து அட்டையில் வையுங்கள். மேலே பட்டர் பேப்பர், அதன் மேல் கனமான புத்தகம், 10–15 நிமிடம். பசை பிதுங்கவே பிதுங்காது. தடவிய படலம் ஒரு நிமிடத்தில் காய ஆரம்பிக்கும், ஆகையால் ஒவ்வொரு துண்டுக்கும் புதிதாகத் தடவுங்கள்.

டிரேசிங் பேப்பரில் எந்தப் பசையும் தெரியும். அதன் மேல் ஒரு பூவோ எழுத்துப் பட்டையோ வரும் இடத்துக்கு அடியில் மட்டும் ஒட்டுங்கள். மிரர் அட்டையில் தண்ணீர்ப் பசை இறங்காது, அங்கே டேப்தான்.

சுழிவெட்டு:
எழுத்து ஒட்டுவதற்கு ஒரு வழி. வெட்டிய பிறகு மிஞ்சும் ஓட்டைத் தாளைத் தூக்கிப்போடாதீர்கள். அதை அட்டையின் மேல் வேண்டிய இடத்தில் மாஸ்கிங் டேப்பால் லேசாக ஒட்டிவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகப் பசை தொட்டு அதன் ஓட்டைக்குள்ளேயே இறக்குங்கள். வரிசையும் இடைவெளியும் தானாக அமையும். பசை காயுமுன் ஓட்டைத் தாளை எடுத்துவிடுங்கள்.

தமிழ் எழுத்து வெட்டுவோர் கவனிக்க வேண்டியது கொஞ்சம் அதிகம். ‘வாழ்த்துகள்’ என்ற ஒரே சொல்லில் மூன்று புள்ளிகள் தனித்துண்டாக விழும். சுழிகளுக்குள் இருக்கும் துண்டுகள் வேறு. இதற்கு நிழல் அடுக்குதான் சரியான தீர்வு: சொல்லின் வெளிவரையை 2 மி.மீ. வெளியே தள்ளி இன்னொரு நிறத்தில் ஒரே துண்டாக வெட்டி, அதன் மேல் எழுத்துகளையும் புள்ளிகளையும் ஒட்டுவது. புள்ளி எழுத்திலிருந்து 3 மி.மீ.க்குள் இருந்தால் நிழலில் இரண்டும் இணைந்துவிடும். இதைக் கத்தி உள்ள டிஜிட்டல் மெஷினில்தான் வெட்ட முடியும், நாமே வரைய வேண்டியிருப்பதால். வெட்டும் மென்பொருள்கள் சிலவற்றில் தமிழ் தட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி உடையும். வேறு வரைகலை மென்பொருளில் தட்டி, எழுத்தை வெளிவரையாக மாற்றி, எஸ்விஜி கோப்பாக உள்ளே கொண்டுவாருங்கள். 200 ஜிஎஸ்எம்மில் கோட்டின் தடிமன் 1.5 மி.மீ.க்குக் குறைந்தால் சுழியின் கழுத்தில் கிழியும். புள்ளியின் விட்டம் 3 மி.மீ.க்கு மேல் இருந்தால் இடுக்கியில் பிடிக்க முடியும்.

எழுத்து மேலெழும்பி நிற்க ஃபோம் டேப் தேவையில்லை. அதே சொல்லை நான்கு முறை 250 ஜிஎஸ்எம்மில் வெட்டி ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டுங்கள், ஏறக்குறைய 1.2 மி.மீ. உயரம் வரும். கீழே உள்ள மூன்றும் வெள்ளையாக இருந்தால் பக்கவாட்டில் வெள்ளை தெரியும். நான்கும் ஒரே நிறம், அதுவும் உள்ளும் புறமும் ஒரே நிறமான தாளாக இருப்பதே அழகு. மேலே மட்டும் நிறம் பூசி உள்ளே வெள்ளையாக இருக்கும் தாளில் வெட்டிய ஓரம் வெள்ளைக் கோடாகக் காட்டிக்கொடுக்கும்.

பூவெட்டு:
அடித்தள அட்டையை மடிக்கும்போது மடிப்பில் நிறம் வெடித்து வெள்ளை தெரிகிறது. அடர் நீலம், 300 ஜிஎஸ்எம். மடிப்புக்கோடு போட்டுத்தான் மடிக்கிறேன்.

கத்தரிமுனை:
கோடு உள்பக்கம் போடுங்கள், பள்ளத்தை நோக்கி மடியுங்கள். புத்தகம் மூடுவதுபோல் தானாக வரும்.

தாள்நார்:
இதில் மாறுபடுகிறேன். பள்ளம் வெளியே, மறுபுறம் எழும் மேடு உள்ளே. அப்படி மடிக்க வேண்டும். பார்க்க முரணாகத்தான் இருக்கும். ஆனால் கோடு போடும்போது தாளின் அடுக்குகள் அந்த இடத்தில் பிரிந்து மறுபுறம் மேடாகத் தள்ளப்படுகின்றன. அந்த மேட்டை உள்ளே வைத்து மடித்தால் அது மடிப்புக்குள் கச்சிதமாக உட்காரும், வெளித்தோல் இழுபடுவது குறையும். பள்ளத்தை உள்ளே வைத்தால் ஏற்கெனவே இழுபட்ட பக்கத்தையே மேலும் இழுக்கிறோம். 200 ஜிஎஸ்எம் வரை இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். 300-இல், அதுவும் அடர்நிறத்தில், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

அதைவிடப் பெரிய காரணம் நார்த்திசை. தாளின் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். அந்தத் திசைக்கு இணையாக மடித்தால் மடிப்பு வழுக்கிக்கொண்டு வரும், குறுக்கே மடித்தால் நார் முறியும். திசை அறிய, தாளை மடிக்காமல் இரண்டு பக்கமும் வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ, அந்த வளைவின் அச்சுக்கு இணையாக நார் ஓடுகிறது.

ஏ4 தாள்கள் பலவற்றில் நார் 297 மி.மீ. பக்கத்துக்கு இணையாக இருக்கும். அதை நடுவில் குறுக்கே வெட்டினால் ஏ5, அதாவது 148 × 210. அதன் 210 பக்கத்தில் 105-இல் கோடு போட்டு மடித்தால் ஏ6 அட்டை, 148 மி.மீ. மடிப்பு நாருக்கு இணையாக அமைகிறது. அதே ஏ4-ஐ நீளவாக்கில் 105 × 297 என்று வெட்டி 148-இல் மடித்தால் கூடாரம் போல் நிற்கும் அட்டை கிடைக்கும், ஆனால் மடிப்பு நாருக்குக் குறுக்கே. நீங்கள் செய்வது இந்த இரண்டாவது வகை என்று நினைக்கிறேன்.

பூவெட்டு:
ஆமாம், கூடார வகைதான்! அப்படியானால் அந்த வடிவத்தையே விட்டுவிட வேண்டுமா?

தாள்நார்:
வேண்டாம். 250 ஜிஎஸ்எம்முக்கு இறங்குங்கள். ஒரே அழுத்தமாக ஒரு கோடு போடாமல், மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் மெதுவாக மூன்று முறை. மடித்த பிறகு போன் ஃபோல்டரை (மடிப்பை அழுத்தித் தேய்க்கும் தட்டையான கருவி) நேராகத் தேய்க்காமல் மேலே ஒரு தாள் வைத்துத் தேய்த்தால் பளபளப்புத் தடம் விழாது. உள்ளும் புறமும் நீலமான தாள் கிடைத்தால் வெடிப்பு இருந்தாலும் தெரியாது.

கத்தரிமுனை:
பள்ளம் வெளியே வைத்து இரண்டு துண்டுகளில் ஒப்பிட்டுப் பார்த்தேன். 300-இல் நீங்கள் சொன்னதே சரி, முந்தைய பதிலைத் திருத்திக்கொள்கிறேன்.

முகப்பு அளவுகளையும் சொல்லிவிடுகிறேன். ஏ6 அட்டை 105 × 148. அதன் மேல் ஒட்டும் முதல் அடுக்கு எல்லாப் பக்கமும் 3 மி.மீ. குறைந்து 99 × 142, அடுத்தது 93 × 136. உங்கள் 9 × 12 பின்னல் இரண்டாவது அடுக்கில் அமரும், ஆனால் பக்கவாட்டில் ஒன்றரை மி.மீ.தான் மிஞ்சும். முதல் அடுக்கோடு நிறுத்தி அதன் மேல் நேராக ஒட்டினால் கண்ணுக்கு மூச்சு விட இடம் இருக்கும். உறை சி6, 114 × 162.

பசைத்துளி:
உறை என்றதும் ஒன்று. பின்னலைப் பசைத்தாளில் தட்டையாக ஒட்டினால் சி6 உறையில் சிக்கல் இல்லை. 2 மி.மீ. ஃபோம் டேப்பில் தூக்கி ஒட்டினால், அட்டையின் மொத்தத் தடிமன் 3 மி.மீ.க்கு மேல் போகும். தபாலில் அழுத்தம் படும்போது பின்னலின் தாங்கலில்லாத இதழ்கள் ஃபோம் துண்டுகளுக்கு நடுவே கீழே குழியும். ஃபோம் போட வேண்டும் என்றால் 1 மி.மீ. வகை, அதையும் 4 மி.மீ. அகலப் பட்டைகளாக நறுக்கி ஒவ்வொரு பூவின் நடுவிலும் ஒன்று. முகப்பின் மேல் ஒரு டிரேசிங் பேப்பர் வைத்து உறையில் போடுங்கள், இதழ் உறையின் மடிப்பில் சிக்காது.

பூவெட்டு:
சரி. பின்னல் தட்டையாக, எழுத்து மட்டும் நான்கு அடுக்கு. கடைசியாக ஒன்று: அடர் நீலத்தின் உள்ளே எழுதுவது எப்படி? வெள்ளைப் பேனா திட்டுத்திட்டாக வருகிறது.

சுழிவெட்டு:
உள்ளே வெள்ளைத் தாள் வையுங்கள். 100–120 ஜிஎஸ்எம், 99 × 142. அட்டையின் பின்பாதியின் உள்முகத்தில் மட்டும், நான்கு மூலையிலும் சிறு டேப் துண்டு. மடிப்பின் குறுக்கே ஓடும் ஒரே தாளாக வைத்தால் திறக்கும்போது இழுத்து உரிந்துவிடும். ஒட்டுவதற்கு முன்பே எழுதிவிடுங்கள், பிழை வந்தால் அந்தத் தாளை மட்டும் மாற்றினால் போதும்.